முன்சக்கரம் போய்ச் சேர்ந்த வருஷம்

1955ஆம் வருஷம் மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், மஞ்சக்கல் தோட்டம் கீழ்க்கணக்குப் பிரிவில் கஸ்பர் செய்த மோட்டார் சைக்கிளின் முன்சக்கரம் நோர்வூட் பாலத்தைத் தாண்டி ஒன்பது மைல் ஓடி, ஹட்டன் ரோட்டுப் பெரியாஸ்பத்திரியின் கேட்டடியில் போய் நின்றது. பின்சக்கரமும் இன்ஜினும் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து வாசலிலேயே இருந்தன. கஸ்பரும் சீட்டில் உட்கார்ந்தபடி அங்கேயே இருந்தான். அன்று காலையில் மழை இல்லை. பருப்பு விலை கொஞ்சம் ஏறியிருந்தது.

கஸ்பர் ஸ்டோரில், அதாவது தேயிலை அரைக்கிற பேக்டரியில், மெஷின்களுக்கு எண்ணெய் விடும் வேலை பார்த்தவன். பெண்சாதி மரியநாயகி கொழுந்தெடுப்பவள். அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தும் ஒன்றும் வீட்டுக்கு வந்து சேரவில்லை. இரண்டு தடவையும் பிரசவம் கஷ்டமாகி, கம்பளியில் போட்டு நாலு பேர் நாலு மூலையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். முதல் பிள்ளை தோட்டத்து எல்லைப் போக்கிலேயே, அந்தச் சின்ன மதகடியிலேயே, போய்விட்டது. இரண்டாவது நோர்வூட் கடைத்தெருவரை தாக்குப்பிடித்தது. இரண்டு தடவையும் பாதி வழியிலேயே திரும்பிவிட்டார்கள். தோட்டத்தில் லொறி ஒன்று இருந்தது. ஆனால் அது தேயிலைப் பெட்டி ஏற்றுகிற லொறி, அதில் ஆள் வாடை பட்டால் தேயிலையில் ஏறிவிடும் என்று ஆளை ஏற்றுவதில்லை. மூன்றாவதாக முழுகாமல் இருந்தபோது மரியநாயகி சொல்லிவிட்டாள்: "இந்தத் தடவ கம்பளியில தூக்குனீங்கன்னா நான் எறங்கி நடந்துருவேன். நாலு பேரு நாலு பக்கம் இழுக்குறீங்க. புள்ள எந்தப் பக்கம்தான் வரும்?"

சண்டைக்காலத்தில் பட்டாளத்துக்காரர்கள் விட்டுப்போன மோட்டார் சைக்கிள் ஒன்றை, பெரியதுரைக்கு அடுத்த அதிகாரியான சின்னத்துரை ஓட்டிக்கொண்டிருந்தார். அது பள்ளத்தில் விழுந்து, முன்பக்கம் முழுக்க நசுங்கி, ஸ்டோருக்குப் பின்னால் கிடந்தது. கஸ்பர் பெரியதுரையின் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே நின்று, அதைத் தனக்குத் தரும்படி கேட்டான். வெள்ளைக்காரத் துரை, தோட்டத்தில் கற்ற தமிழில் சொன்னார்: "எடு, எடு. ஆனா தோட்டம் சாமான் தோட்டத்திலே இருக்கணும். வெளியே போகக் கூடாது. சரியா?"

"சரிங்க தொரை" என்றான் கஸ்பர்.

எங்கள் பக்கத்தில் அந்த வார்த்தையை யாரும் யோசித்துச் சொல்வதில்லை. கொட்டாவி மாதிரி அது தானாக வரும். அவனுடைய அப்பன் இராயப்பன் சாகும்போது கடைசியாகச் சொன்னதும் அதுதான், பக்கத்தில் எந்தத் துரையும் இல்லை.

அந்தக் காலத்தில் இந்த மலையில் யாரும் மோட்டார் சைக்கிளைச் சொந்தமாகச் செய்ததில்லை. முன்கால் நீண்ட வண்டி என்று ஒன்று உலகத்தில் உண்டென்று கஸ்பர் கேள்விப்பட்டதும் இல்லை. ஆள் படுத்துக்கொண்டு போக வேண்டும் என்பது மட்டும்தான் அவனுக்குத் தெரியும். ஆகவே மரியநாயகியை வாசலில் சாக்கு விரித்துப் படுக்க வைத்து, குசினிக் கரியால் அவளைச் சுற்றிக் கோடு போட்டான். வயிறு இன்னும் பெருக்கும் என்று பக்கத்துக் காம்பராவிலிருந்து மருத்துவச்சி மீனம்மா சொன்னாள். அதற்கும் சேர்த்துக் கோட்டைத் தள்ளிப் போட்டான். வண்டியின் நீளம் அப்படி வந்ததுதான். பிறகு பிரேமின் கழுத்தை வாளால் அறுத்தான். இரும்பு அறுக்கும் வாள் ஸ்டோரில் இரவல் வாங்கியது, இரண்டு பல் இல்லாதது. வேலை விட்டு வந்து குந்தினால் விளக்கு வைக்கிறவரை அறுப்பான். ஒரு கழுத்தை அறுக்கக் கார்த்திகை மாதம் முழுக்கப் போயிற்று.

முன்சக்கரமும், அதைப் பிடிக்கிற இரண்டு நீளக் குழாய்களும் நோர்வூட்டில் சைக்கிள் கடை வைத்திருந்த, அண்ணன் முறையில் எல்லோரும் நானா என்று கூப்பிட்ட சரிபுதீனிடம் வாங்கியவை. ஒட்டு வைத்ததும் அவர்தான். கண்ணாடியைக் கழற்றிவிட்டு வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார்.

"அடேய் கஸ்பரு, இது மோட்டார் சைக்கிளா பாடையா?"

"படுத்துக்கிட்டுப் போறதுக்குதான் நானா."

"அதத்தான்டா நானும் கேக்குறேன்."

"உசுரோட படுத்துக்கிட்டு."

சரிபுதீன் அதற்குமேல் பகிடி பண்ணவில்லை. முதல் தடவை வைத்த ஒட்டு ஏறி உட்கார்ந்ததும் விட்டுப்போயிற்று. இரண்டாவது தடவை ஒட்டு நின்றது, ஆனால் சாய்வு கூடிப்போய், பிறந்த கன்றின் கால் மாதிரி முன்பக்கம் விரிந்து படுத்துக்கொண்டது. மூன்றாம் தடவை குழாய்க்குள்ளே இன்னொரு குழாயைச் செருகி ஒட்டினார்கள். வண்டி நின்றது. ஹேண்டிலைத் திருப்பினால் சக்கரம் யோசித்துவிட்டுத்தான் திரும்பியது. பெட்ரோலுக்கு பிஸ்கட் தகரத்தை ஈயம் வைத்து அடைத்தான். தேயிலைப் பெட்டிப் பலகையை இழைத்துப் படுக்கை போட்டான். அந்தோனியார் படமொன்றை ஹேண்டிலுக்கு நடுவில் ஒட்டினான். மீனம்மா சொன்னதற்காக, ஸ்டோரைக் காக்கிற ரோதை முனிக்கும் ஒரு தேங்காய் உடைத்தான். அந்த நாட்களில்தான் மரியநாயகி சிரிக்கப் பார்த்தோம் என்று லயத்தில் சொல்வார்கள். "எங்க வீட்டுக்காரரு எனக்குக் கப்பல் கட்டுறாரு" என்று கொழுந்து மலையில் சொல்லிச் சிரித்தாளாம்.

மாசி மாதத்து அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, கஸ்பர் வெறும் வண்டியை ஓட்டிப் பார்க்க ஏறினான். மூன்றாவது உதையில் இன்ஜின் பிடித்தது. கிளச்சை விட்டான். முன்சக்கரம் கிளம்பியது. பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றி மண்ணைத் தோண்டியது. இடையிலிருந்த குழாய்கள் இரண்டும் நீண்டன. சக்கரம் லயத்தைத் தாண்டி, கொழுந்து நிறுக்கிற மடுவத்தைத் தாண்டி, எல்லைப் போக்கைத் தாண்டி ரோட்டில் ஏறி, ஓரத்து வடிகானை ஒட்டியபடி போனது. வளைவு வந்த இடங்களில் குழாய் வளைந்துகொடுத்தது. நாய்கள் கொஞ்ச தூரம் குரைத்துக்கொண்டு போய்விட்டுத் திரும்பின. கஸ்பருக்குச் சக்கரம் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனாலும் ஹேண்டிலைச் சரியாகவே திருப்பினான். அந்த ரோட்டில் இரண்டு தடவை கம்பளியின் தலைமாட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தவன் அவன், நடக்காத மிச்சத்தையும் மனசுக்குள் நடந்து தீர்த்தவன், எங்கே பள்ளம் எங்கே கல் என்று அவனுடைய கைக்குத் தெரியும். ஆஸ்பத்திரி வந்திருக்கும் என்று தோன்றியபோது கைப்பிடி முறுக்கைத் தளர்த்தினான். கேட்டுக்கு முன்னால், யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் ஓரமாகத்தான் நின்றது என்று அன்று மாலை ஹட்டனிலிருந்து பஸ்ஸில் திரும்பிய லயத்து ஆள் மத்தியாஸ் வந்து சொன்னான்.

போன சக்கரத்தைத் திருப்பி எடுக்க முடியவில்லை. மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் போகிற கியர் கிடையாது.

கணக்குப்பிள்ளை சிவசாமி வந்து, குழாயைக் கைத்தடியால் தட்டிப் பார்த்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். "முன்பக்கம் நானா கடைச் சாமான், அது போயிருச்சு. பின்பக்கம் தோட்டத்துச் சாமான். வெளிய போகாதுன்னு நீதானே தொரைகிட்ட ஒத்துக்கிட்ட?"

"சும்மா வாய் வார்த்தைங்கய்யா அது."

"நம்மகிட்ட வேற என்னா இருக்கு?"

அது நியாயமாகத்தான் எல்லோருக்கும் பட்டது. சொன்ன வார்த்தையைத் துரை திருப்பி எடுத்துக்கொண்டால் போதும் என்று கஸ்பர் ஆபீசுக்குப் போனான். அந்த வெள்ளைக்காரத் துரை தை மாதமே தோட்டத்தை விட்டுச் சீமைக்குப் போயிருந்தார். புதிதாக வந்தவர் கொழும்புக்காரர், நல்ல மனிதர், கஸ்பரை உள்ளே கூப்பிட்டுக் கேட்டார். முழுதும் கேட்டுவிட்டு, தான் சொல்லாத வார்த்தையைத் தான் எப்படித் திருப்பி எடுப்பது என்றார். கஸ்பர் அதற்கும் "சரிங்க தொரை" என்று சொல்லிவிட்டு வந்தான். வழியில் அது நினைவு வந்து, தேயிலைச் செடிகளுக்கு நடுவில் நின்று தன் வாயில் தானே அடித்துக்கொண்டதைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தவர்கள் பார்த்தார்கள்.

சித்திரைக் கடைசியில் மரியநாயகிக்கு வலி எடுத்தது. காலையில், வேலைக்கு ஆள் கூட்டுகிற பெரட்டுக்குத் தப்பு அடிக்கிற நேரம். அவளுடைய பாரமும் ஏறினால் பின்பக்கம் நகரும் என்று கஸ்பர் நம்பினான். அவள் அதை நம்பினாளோ என்னவோ, தானே நடந்து வந்து பலகையில் படுத்தாள். கோடு சரியாக இருந்தது. தலைக்கும் காலுக்கும் எங்கும் இடிக்கவில்லை. கஸ்பர் உதைத்தான். இன்ஜின் பிடித்தது. பின்சக்கரம் சுற்றிச் சுற்றி அச்சு வரைக்கும் மண்ணில் இறங்கியது. வண்டி ஒரு விரற்கடை போகவில்லை. மரியநாயகி குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கத்தினாள்.

அந்தச் சத்தம் குழாய் வழியே போய் ஆஸ்பத்திரி கேட்டில் கேட்டது. காவல்காரன் பயந்துபோய் உள்ளே ஓடி, டோரீன் என்ற நர்ஸைக் கூட்டி வந்தான். அவள் ஹட்டன்காரி, தமிழ் தெரிந்தவள். சக்கரத்துக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, குழாயில் வாயை வைத்துப் பேசினாள். இந்தப் பக்கம் அது கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலக் கேட்டது.

"யாரும்மா அது? ஆளைக் கொண்டாங்க உள்ளுக்கு."

"கொண்டாந்துட்டோம் மிஸ்ஸி. அங்கதான் நிக்குது பாருங்க" என்றான் கஸ்பர்.

"சக்கரம் நிக்குது. ஆள் எங்க?"

மீனம்மா அவனைத் தள்ளிவிட்டுக் குழாயில் பேசினாள். "ஆளு இங்க தோட்டத்துல இருக்கு மிஸ்ஸி. நான் மருத்துவச்சி. என்னா செய்யணும் சொல்லுங்க, செய்றேன்."

"தலை தெரியுதா?"

"கால் தெரியுது."

குழாயில் ஆஸ்பத்திரி முற்றத்தில் யாரோ வாளியை இழுக்கிற சத்தம் வந்தது. பிறகு டோரீன் மெதுவாகச் சொன்னாள்: "உடனே தூக்கிக்கிட்டு வாங்க."

இறங்கி நடப்பேன் என்று சொன்னவள், தூக்கச் சொல்லிக் கையை நீட்டினாள். கம்பளியை விரித்தார்கள். நாலு பேர் நாலு மூலையைப் பிடித்தார்கள். குழாயை ஒட்டியே ஓடினார்கள். அவள் கத்தும்போதெல்லாம் டோரீனும் அந்தப் பக்கத்திலிருந்து "வாங்க, வாங்க, கிட்ட வந்துட்டீங்க" என்று சொல்லிக்கொண்டேயிருந்தாள். எங்கே வருகிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது, சும்மா தைரியத்துக்குச் சொன்னது. நோர்வூட் பாலத்தில் பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை. அழவில்லை. சரிபுதீன் கடையிலிருந்து வெள்ளைத் துணி கொண்டுவந்து கொடுத்தார். அதற்குமேல் ஆஸ்பத்திரிக்குப் போக வேலை இல்லை என்று அங்கிருந்தே திரும்பிவிட்டார்கள். டோரீன் சாயங்காலம் வரைக்கும் குழாயில் கூப்பிட்டுக்கொண்டிருந்ததாகச் சொல்கிறார்கள்.

மரியநாயகி பிழைத்தாள். கஸ்பர் அதற்குப் பிறகு ஸ்டோரில் எண்ணெய் விடுவதைத் தவிர எந்த இரும்பையும் தொடவில்லை. மறு வருஷம் ரோட்டு ஓவர்சியர் வந்து, குழாயை அறுத்து அப்புறப்படுத்தச் சொன்னார். அறுக்கட்டும் என்றான் கஸ்பர். ஆனால் அறுத்தால் தோட்டத்துக்கு வெளியிலுள்ள துண்டு யாருக்குச் சேரும் என்று அவருக்கே தெரியவில்லை. எழுதிக் கேட்கிறேன் என்று போனவர் வரவில்லை. பிறகு ரோட்டு வேலைக்காரர்கள் அதற்கு வெள்ளையும் கறுப்புமாகப் பெயின்ட் அடித்தார்கள். டவுனில் போர்டுகளின் எழுத்து சிங்களத்துக்கு மாறியது. பிரஜாவுரிமை கேட்டு எழுதிப் போட்டவர்களில் பாதிப் பேருக்கு இல்லை என்று வந்தது, கஸ்பருக்கும் அப்படித்தான் வந்தது. லயத்துப் பெண்கள் குழாயில் துணி காயப்போட்டார்கள். மரியநாயகியும் காயப்போட்டாள். பனிமூட்டம் இறங்குகிற நாட்களில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டே நோர்வூட் போய் வந்தன. ஆஸ்பத்திரி பஸ் நிறுத்தத்துக்குச் சக்கரத்தடி என்று பெயராகிவிட்டது. கண்டக்டர் அப்படித்தான் கூப்பிடுவார், சிங்கள ஆட்களும் அப்படிச் சொல்லியே டிக்கட் எடுப்பார்கள்.

1964இல், யார் இந்தியாவுக்குப் போவது யார் இருப்பது என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த ஐப்பசி மாதத்தில், மரியநாயகிக்கு நெஞ்சில் சளி கட்டி இருமல் நிற்காமல் போனது. மருந்தெடுக்க பஸ் ஏறினாள். அந்த ஆஸ்பத்திரிக்கு அவள் போனது அதுதான் முதல் தடவை. சக்கரத்தடியில் இறங்கியபோது கேட் இன்னும் திறக்கவில்லை. சக்கரம் பாசி பிடித்திருந்தது. டயர் உளுத்து, கம்பிகளுக்கிடையில் புல் முளைத்திருந்தது. நிறைமாதப் பெண்கள் மூன்று நாலு பேர் குழாயில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து அவளுக்கும் இடம் விட்டார்கள். பக்கத்திலிருந்த சின்னப்பெண்ணுக்கு தலைப்பிரசவம் போல. நேரம் போகாமல் பேச்சுக் கொடுத்தாள்.

"அக்கா, இது என்னாத்துக்கு இங்க நிக்குது?"

மரியநாயகி இருமி முடித்து, முந்தானையால் வாயைத் துடைத்தாள்.

"யாரோ புள்ளப் பெற வாராங்கன்னு முன்னாடியே வந்து நிக்குதாம்."

"வந்தாங்களா?"

"இல்லம்மா."

"பாவம்" என்றாள் அந்தப் பெண்.

கேட்டைத் திறந்தார்கள். எல்லோரும் எழுந்து உள்ளே போனார்கள்.