குள்ளம்மாள் ஊற்றிய தண்ணீர்

மணியக்காரர் சவுரியப்பன் வீட்டில் பேரப்பிள்ளை பிறந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. பிள்ளை அழவில்லை. உடம்பெல்லாம் நீலம் பாய்ந்து, மருத்துவச்சி குள்ளம்மாளின் மடியில் துவண்டு கிடந்தது.

"தண்ணி குடுங்க ஆத்தா, சீக்கிரம்!"

மணியக்காரரின் பெண்சாதி தங்கம்மாள் சொம்போடு ஓடி வந்தாள். வந்தவள் சட்டென்று நின்றாள். பேரன் செத்துக்கொண்டிருக்கிறான், அப்போதும் சொம்பைச் சேரிக்காரி கையில் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. பிள்ளையை வெளியே எடுத்தது அந்தக் கைதான். அதற்குத் தீட்டு இல்லை. சொம்புக்குத்தான் தீட்டு.

குள்ளம்மாள் கையைக் குவித்தாள். தங்கம்மாள் எட்ட நின்று ஊற்றினாள். அந்தக் கைத்தண்ணீரைப் பிள்ளையின் தலையில் விட்டுக்கொண்டே குள்ளம்மாள் சொன்னாள்:

"பிதா, சுதன், இஸ்பிரீத்துசாந்துவுடைய நாமத்தினாலே நான் உன்னைக் கழுவுகிறேன்."

சாகக் கிடக்கிற பிள்ளைக்குச் சாமியார் வருகிறவரை காத்திருக்கக் கூடாது, யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று வேதம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார் மருத்துவச்சிகளுக்குச் சொல்லி வைத்திருந்தார். கொடுத்து முடித்ததும் அவள் பிள்ளையின் மூக்கில் வாய் வைத்துச் சளியை உறிஞ்சித் துப்பினாள். தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டினாள். பிள்ளை வீறிட்டது.

செத்திருந்தால் யாரும் ஒரு கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். பிழைத்ததுதான் வம்பாகப் போயிற்று.

மறுநாள் காலை வேதக்கோயில் வாசலில் மணியக்காரர் உபதேசியாரைப் பிடித்துக்கொண்டார். கோயில் சாவி மணியக்காரர் இடுப்பில்தான் தொங்கும். குள்ளம்மாள் அப்போது கோயிலுக்கு வெளியே சாணி தெளித்துக்கொண்டிருந்தாள். உள்ளே பெருக்குவது ஊர்ப்பெண்கள் முறை.

"ஞாயித்துக்கெழம சாமியாரு வர்றாரில்ல, எம் பேரனுக்கு மறுக்கா தண்ணி ஊத்தச் சொல்லுங்க."

"அதான் குள்ளம்மா குடுத்துட்டாளாமே…"

"அவ குடுத்தா அது ஞானஸ்நானமா? சேரிக்காரி. அதுலயும் பொம்பள. நாளைக்கு எம் பேரனை ஊரு என்னான்னு சொல்லும்?"

உபதேசியார் தலையைச் சொறிந்தார். அவருக்குப் படியரிசி மணியக்காரர் வீட்டிலிருந்துதான் வரும்.

குள்ளம்மாளுக்குக் கை ஓடவில்லை. மணியக்காரர் வைததற்காக அல்ல. வசவு கேட்டுக் கேட்டு அவள் காது மரத்துப் போயிருந்தது. போன ஆடியில் அவளுக்கே ஒரு பிள்ளை பிறந்தது. மாசிலாமணி என்று பேர் நினைத்து வைத்திருந்தாள். ஒருமுறை கண்ணைத் திறந்தான், மூடிக்கொண்டான். பிள்ளை பெற்ற படுக்கையில் கிடந்தபடியே, இதே கையால், இதே வார்த்தையைச் சொல்லி அவன் தலையிலும் தண்ணீர் விட்டிருந்தாள். அந்தத் தண்ணீரை நம்பித்தான் அவனைச் சாமியார் மந்திரித்த கல்லறைத் தோட்டத்தில் புதைக்க விட்டார்கள். ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைக்கு மோட்சம் கிடையாது, பெற்றவள் செத்துப் போனாலும் அதன் முகத்தைப் பார்க்க முடியாது என்பது உபதேசியாரின் பாடம். மணியக்காரர் பேரனுக்கு ஊற்றியது வெறும் தண்ணீர் என்றால், மாசிலாமணிக்கு ஊற்றியதும் வெறும் தண்ணீர்தான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் புருஷன் ஆண்டி கம்பங்காட்டிலிருந்து வந்து களித் தட்டின் முன் உட்கார்ந்தான்.

"இன்னிக்குக் கறி தின்னா பாவமாமே. உபதேசியாரு பெரிய மனசு பண்ணி ஞாபகப்படுத்துறாரு. என்னிக்கித் தின்னோம் நாம?"

அவள் சிரிக்கவில்லை.

"என்னா புள்ள, மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?"

சொன்னாள். ஆண்டி களியைப் பிசைந்தபடியே இருந்தான். வாயில் வைக்கவில்லை.

"மணியக்காரரு சொன்னாத்தான் ஆண்டவரு மழையே பேய வுடறாருங்கறாங்க. உன் பேச்ச எங்க கேக்கப் போறாரு?"

கிண்டலாகத்தான் ஆரம்பித்தான். தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனான். பிள்ளையைப் புதைத்த நாள் முதல் அந்தப் பேரை அவன் வாயால் சொன்னதில்லை.

சனிக்கிழமை ஓடையில் துணி துவைக்கிற இடத்தில் இதே பேச்சு. ஊர்ப்பெண்கள் மேல்தண்ணீரில், சேரிப்பெண்கள் கீழ்த்தண்ணீரில்.

"இனிமே பிரசவத்துக்குக் குள்ளம்மாளைக் கூப்புடப் போறதில்லையாம், மணியக்காரரு சொல்லிட்டாராம்" என்றாள் ஒருத்தி.

"அப்ப யாரு, உபதேசியாரா வந்து புள்ள எடுப்பாரு?"

"எடுக்கட்டுமே, மணியக்காரருக்கே முதல்ல எடுக்கட்டும்! அவரு வவுறும் ஒம்பது மாசந்தான்!"

மேலும் கீழும் சிரிப்பு. குள்ளம்மாள் கல்லில் துணியை அறைந்துகொண்டே இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, பென்னாகரம் பாதையில் மாட்டு வண்டி பிடித்துச் சாமியார் வந்துவிட்டார். சிவந்த மூக்கும் நரைத்த தாடியுமான வெள்ளைக்காரர். புத்தகத்தில் படித்த தமிழை மூக்கால் பேசுவார். கோயிலின் நடுக்கட்டு ஊராருக்கு. பக்கத்தில் இறங்கின தாழ்வாரம் சேரிக்கு. இடையில் இடுப்புயரச் சுவர். இந்தச் சாமியாரும் அந்தச் சுவரை வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டுதான் பூசை வைத்தார். அவரை நல்லவர் என்று நான் சொல்ல வரவில்லை. அன்றைக்கு அவர் சொன்னதை மட்டும் சொல்கிறேன்.

பூசை முடிந்து, வாசலையொட்டிய ஞானஸ்நானத் தொட்டியருகே குடும்பம் கூடியது.

"ஆபத்தில் இந்தப் பிள்ளைக்கு யாராகிலும் தண்ணீர் ஊற்றினார்களோ?" என்றார் சாமியார். எப்போதும் கேட்கிற கேள்விதான்.

"மருத்துவச்சி என்னமோ தெளிச்சாளுங்க சாமி. அது கணக்குல இல்லீங்க" என்றார் மணியக்காரர்.

"அவள் எங்கே?"

குள்ளம்மாள் தாழ்வாரத்திலிருந்து வெளியே இறங்கி, கோயிலைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"தண்ணீர் தலையில் பட்டதோ?"

"பட்டுச்சுங்க சாமி."

"ஊற்றும்போது என்ன சொன்னாய்?"

சொன்னாள். அன்றைக்குச் சொன்னபடியே, ஒரு வார்த்தை விடாமல்.

சாமியார் தண்ணீர் மொள்ளக் கையில் எடுத்திருந்த சிப்பியைக் கீழே வைத்தார்.

"ஆயிற்று. மற்றச் சடங்குக்கு உப்பும் எண்ணெயும் நான் வைப்பேன். தண்ணீர் ஊற்றமாட்டேன்."

"ஒரு சிப்பித் தண்ணிதானுங்க சாமி, ஊத்துனா என்னா கொறஞ்சா போயிரும்?"

"ஊற்றினால் எனக்குப் பாவம். ஒருவனுக்கு ஞானஸ்நானம் ஒரே தரம். ரோமாபுரியிலிருந்து பாப்பரசர் வந்தாலும் இவள் கொடுத்ததை அழிக்க முடியாது. கழுவினது இவள் அல்ல, சவுரியப்பா. ஆண்டவர். அவர் கழுவினதை நான் மறுபடியும் கழுவுவதோ?"

மணியக்காரர் இடுப்புச் சாவியைத் தடவிக்கொண்டார்.

குள்ளம்மாள் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். வெடிப்பும் காய்ப்பும் சாணிக்கறையும். இதன் வழியாகவா? சொம்பைத் தொடக் கூடாத இந்தக் கையில் அவர் வந்து நின்றாரா, தங்கம்மாள் எட்ட நின்று ஊற்றிய அந்தத் தண்ணீரில்? ரோமாபுரி எங்கே இருக்கிறதென்று அவளுக்குத் தெரியாது. அங்கே இருக்கிறவராலும் அழிக்க முடியாத ஒன்றைத் தான் செய்திருக்கிறோம் என்பது தெரிந்தது. அந்தக் கையை முந்தானையில் பொதிந்துகொண்டாள்.

சாமியார் வண்டி ஏறப் போகும்போதுதான் அவளுக்கு வாய் வந்தது.

"சாமி… போன ஆடியில எம் புள்ளைக்கும் இப்பிடித்தாங்க ஊத்துனேன். செத்துப்போயிட்டானுங்க."

சாமியார் திரும்பினார். வெயிலில் கண்ணைச் சுருக்கி அவளைப் பார்த்தார்.

"அவன் பேர்?"

"மாசிலாமணி."

"அவனுக்காக நீ செபிக்க வேண்டியதில்லை, அம்மா. அவன் மோட்சத்தில் சம்மனசுகளோடு, தேவதூதர்களோடு, ஆண்டவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். நீ அவனிடம் வேண்டிக்கொள்."

வண்டி போன தடத்தில் அவள் அப்படியே நின்றாள்.

அன்று பொழுது சாய்ந்ததும் குடிசையில் செபம். சீமெண்ணெய் கிடைக்காத யுத்தகாலம், அடுப்பு வெளிச்சம்தான். ஆண்டி குத்துக்காலிட்டு உட்கார்ந்து புனிதர்களின் பேரை ஒவ்வொன்றாகச் சொல்ல, குள்ளம்மாள் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று பதில் சொல்லி வந்தாள். சூசையப்பர், இராயப்பர், சின்னப்பர், சவேரியார். ஆண்டி மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில் அவள் சொன்னாள்:

"மாசிலாமணியே."

ஆண்டி நிமிர்ந்தான். "என்னா புள்ள சொல்ற?"

"சாமியாரு சொன்னாரு. நம்ம புள்ள அங்க இருக்கறானாம். அவங்கிட்ட கேக்கலாமாம்."

அடுப்பில் ஒரு விறகு சரிந்தது. மணியக்காரர் வீட்டுப் பொடிசுகளைக்கூட 'வாங்க, போங்க' என்றே கூப்பிட்டுப் பழகிய வாய் ஆண்டியுடையது. பயத்தில் வந்த மரியாதை அது. இப்போது அவன் குத்துக்காலை விட்டு இறங்கி, இரண்டு முழங்காலையும் தரையில் ஊன்றி, கை கூப்பினான். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை.

"மாசிலாமணியே," என்றான், தன் முழங்கை நீளம்கூட இல்லாதிருந்த மகனிடம், "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."