ரெட்டைப்படை பிஸ்கட்

வெங்கட்ரமணன் தன் பழைய போனை மூன்று முறை அழித்தார். ஒரு முறை போதும் என்று போனே சொன்னது. ஆனால் அவர் வேலை பார்க்கும் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தில் எதையும் மூன்று முறை அழிப்பதுதான் வழக்கம். நான்காவது முறைக்குச் சுத்தியல். ஹைதராபாத் கொண்டாப்பூர் ஃப்ளாட்டில் சுத்தியலும் இருந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சுத்தியல் சத்தம் கேட்டால் கீழ்வீட்டுக்காரர் அசோசியேஷன் குரூப்பில் எழுதிவிடுவார். அதனால் மூன்றோடு நிறுத்திக்கொண்டார்.

எல்லாம் முறைப்படிதான் நடந்தது. கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் பதினாலு அயிட்டம் எழுதி, ஒவ்வொன்றாக டிக் அடித்து, பக்கத்தில் சின்னக் கையெழுத்தும் போட்டுக்கொண்டு வந்தார். எட்டாவது அயிட்டம், வாட்ஸ்அப்பை பேக்கப் எடுப்பது. ஒன்பதாவது, பழைய போனை அழிப்பது. பத்தாவது, புதுப் போனில் எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவருவது.

ஒன்பதும் பத்தும் இடம் மாறியிருக்க வேண்டும் என்பது யாருக்கும் புரியும். ஆனால் அவர் ஆபீஸில் ஒரே ரகசியம் ஒரே நேரத்தில் இரண்டு பெட்டியில் இருக்கக் கூடாது. பழையதை ஒழித்த சான்றிதழ் காட்டினால்தான் ஸ்டோரில் புதியதே கொடுப்பார்கள். இருபத்தெட்டு வருஷம் அப்படியே வாழ்ந்த மனுஷனுக்கு வீட்டில் மட்டும் வேறு புத்தி எங்கிருந்து வரும்?

பத்தாவது அயிட்டத்தில் புதுப் போன் பாஸ்வேர்ட் கேட்டது.

நாலு வருஷத்துக்கு முன் பேக்கப்பைப் பூட்டி வைக்கும் வசதி வந்தபோது, இந்தப் பாஸ்வேர்ட் இல்லாமல் யாராலும் திறக்க முடியாது, எங்களாலும் முடியாது என்று ஒரு வரி போட்டிருந்தார்கள். அந்த வரி அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. இவ்வளவு உருப்படியான ரகசியத்தை அவர் அரசாங்கத்தில்கூடப் பார்த்ததில்லை. உடனே பூட்டினார். பாஸ்வேர்டை எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்கக் கூடாது என்று சர்க்குலர் இருக்கிறது.

இப்போது அவர் தலைக்குள் ஆபீஸ் பாஸ்வேர்டுகள் மட்டும் நூற்றுப் பத்துக்கு மேல் கிடந்தன. தொண்ணூறு நாளைக்கு ஒன்று வீதம் சேர்ந்தவை. வீட்டுப் பாஸ்வேர்ட் அந்தக் கூட்டத்தில் எங்கோ தொலைந்துபோயிருந்தது.

ஸ்கூட்டர் நம்பரைப் போட்டார். தவறு. ஸ்டாஃப் நம்பர். தவறு. மெட்டுகுடா பழைய வீட்டுக் கதவு நம்பர். தவறு. ஒவ்வொன்றையும் தாளில் குறித்து, எதிரே முடிவையும் எழுதினார்.

"என்ன பண்ணிண்டிருக்கேள் கார்த்தாலேர்ந்து?" பத்மஜா கையில் பாதி நறுக்கிய கத்தரிக்காயோடு வந்தாள். தாளைப் பார்த்தாள். நிலைமையைச் சொன்னார். மனைவியிடம் தகவல் தெரிவிப்பது பதினாலு அயிட்டத்தில் இல்லாததால் கொஞ்சம் தடுமாறித்தான் சொன்னார்.

"கல்யாண தேதி போட்டுப் பாத்தேளா?"

போட்டார். தவறு.

"ஒத்து வராதுன்னு எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தது. இன்னும் இரண்டு முறை தவறினால் இந்த பேக்கப்பை யாராலும் திறக்கவே முடியாது. நாலு வருஷத்துக்கு முன் அவ்வளவு பிடித்திருந்த வரிதான். இப்போது அதையும் தாளில் குறித்துக்கொண்டார்.

மற்றதெல்லாம் போனால் போகட்டும். காண்டாக்ட்ஸ் வந்துவிட்டது, போட்டோக்கள் வந்துவிட்டன. அசோசியேஷன் குரூப்பின் பழைய சண்டைகள் போனால் ஊருக்கே நல்லது. பத்மஜாவின் சாட் போகக் கூடாது. அதில்தான் ஹர்ஷிதா இருந்தாள்.

ஹர்ஷிதா பக்கத்து அறையிலும் இருந்தாள். வயது பதினேழு. இன்னும் பத்து நாளில் ஆர்க்கிடெக்சர் படிக்க புனே போகிறவள். திறந்த சூட்கேஸுக்கு நடுவில் உட்கார்ந்து யாரிடமோ தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தாள். தமிழ் நன்றாகப் புரியும். பதில் மட்டும் இங்கிலீஷில் வரும், தெலுங்கில் வரும், ஸ்கூலில் பொறுக்கிய ஹைதராபாத் ஹிந்தியிலும் வரும். நாலாம் கிளாஸில் எப்போதோ நின்றுபோனது அவளுடைய தமிழ். எந்தத் தேதியில் என்று வெங்கட்ரமணன் குறித்து வைக்கவில்லை. எதையெதையோ குறித்து வைத்த மனுஷன்.

சாட்டில் இருந்த ஹர்ஷிதாவுக்கு ஆறு வயது. அவள் முழுக்கத் தமிழில் பேசுவாள்.

ஆபீஸ் கேட்டைத் தாண்டிப் போன் கொண்டுபோக முடியாது. காலையில் கவுன்ட்டரில் கொடுத்துவிட வேண்டும். ராணுவத்திலிருந்து ரிட்டயர் ஆன பெருமாள் அதைப் புறாக்கூண்டு மாதிரி இருக்கும் மர அலமாரியில் ஒரு கட்டத்தில் செருகிவிட்டு, அந்தக் கட்டத்தின் நம்பர் போட்ட பித்தளை டோக்கனைத் தருவார். எந்தக் கட்டம் காலியோ அந்த நம்பர். சாயங்காலம் டோக்கனைக் கொடுத்தால்தான் போன் கிடைக்கும். பகலெல்லாம் அந்தக் கூண்டில் போன் சும்மா கிடக்கும் என்று மெட்டுகுடா வீட்டில் ஒருத்தி கண்டுபிடித்துவிட்டாள். ஸ்கூல் விட்டு வந்ததும் அம்மாவின் போனை எடுத்து அப்பாவுக்கு வாய்ஸ் மெசேஜ் போடுவாள்.

ஐந்தரைக்கு ஸ்கூட்டர் ஸ்டாண்டில் நின்று, ஹெல்மெட்டை மாட்டாமல், அவர் எல்லாவற்றையும் கேட்பார். பின்னால் குக்கர் விசில் கேட்கும். ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கமிருந்து என்ஜின் ஹார்ன் கேட்கும். முன்னால் அந்தக் குரல்.

'அப்பா, மிஸ் என்னை லீடர் பண்ணிட்டா. ஆனா யாரும் பின்னாடி வரல.'

'அப்பா, மேல்வீட்டு ஆன்ட்டி எதுக்கு அழறா? அம்மாவக் கேட்டா சும்மா இருங்கறா.'

'அப்பா, பல்லு விழுந்துடுத்து. உனக்குக் காட்டணும்னு வச்சிருந்தேன், அம்மா தூக்கிப் போட்டுட்டா. அவகிட்ட பேசாதே.'

ஒவ்வொரு மெசேஜும் ஒரே கேள்வியில்தான் முடியும். 'அப்பா, இன்னிக்கு டோக்கன் நம்பர் என்ன?'

ரெட்டைப்படை வந்தால் மெட்டுகுடா சிக்னல் பக்கத்து பேக்கரியில் உஸ்மானியா பிஸ்கட். ஒற்றைப்படை வந்தால் கிடையாது. சட்டத்தைப் போட்டது அவள்தான். மூன்று வருஷம் ஒரு நாள்கூட ஒற்றைப்படை வரவில்லை. ஒற்றை வந்த நாளில் அவர் ஒன்றைக் கூட்டிச் சொல்லிவிடுவார். ஆபீஸில் ஒரு தசமப் புள்ளியைக்கூட மாற்றி எழுதாத ஆள். டோக்கன்தான் பெருமாளிடம் திரும்பிப் போய்விடுமே, தடயம் ஏது?

பத்மஜா மூன்று போன் மாற்றிவிட்டாள். ஒன்றிலிருந்தும் எதையும் கொண்டுவரவில்லை. புது வீட்டுக்குப் பழைய குப்பை எதற்கு என்பது அவள் கட்சி. ஆகவே அந்தக் குரல் இந்த ஒரு பூட்டுக்குள் மட்டும்தான் இருந்தது.

ஹர்ஷிதா தண்ணீர் குடிக்க ஹாலுக்கு வந்தவள், அப்பாவின் முகத்தையும் தாளையும் பார்த்து நின்றாள். முயற்சி ஒன்று, முயற்சி இரண்டு என்று வரிசையைப் படித்தாள்.

"அப்பா! யூ எரேஸ்ட் இட் பிஃபோர் ரீஸ்டோரிங்? ஹூ டஸ் தட்?"

"முறைன்னு ஒண்ணு இருக்கு."

"ஹூஸ் ரூல்?"

"கவர்ன்மென்ட்டோட."

"ஓகே, வாட்ஸ் ஈவன் இன் இட்? அசோசியேஷன் ஃபைட், குட் மார்னிங் ஃபார்வர்ட்... நக்கோ அப்பா, லெட் இட் கோ."

அவர் சொன்னார். மெசேஜ்களை ஒவ்வொன்றாக, குக்கர் விசில் வரும் இடம் உட்பட. பல் விழுந்ததைச் சொன்னபோது ஹர்ஷிதா சிரித்தாள். லீடரானதைச் சொன்னபோது சிரிக்கவில்லை. அவர் பக்கத்தில் சோபாவில் உட்கார்ந்தாள்.

"டோக்கன் பிஸ்கட்" என்றாள் மெதுவாக.

பிஸ்கட் என்ற சொல் விழுந்ததும் வெங்கட்ரமணனுக்கு ஒரு கதவு திறந்தது. பாஸ்வேர்ட் போட்ட அந்த மத்தியானம் அவர் இதே சோபாவில் உட்கார்ந்து உஸ்மானியா பிஸ்கட்டை டீயில் முக்கிக்கொண்டிருந்தார். முக்கால்வாசி டீக்குள் உடைந்து விழுந்தது. அப்போதுதான் அந்த நாள் ஞாபகம் வந்தது. அதையே பாஸ்வேர்ட் ஆக்கினார். பிஸ்கட் என்று இங்கிலீஷில் ஏழு எழுத்து, கூடவே அந்த நாளின் டோக்கன் நம்பர்.

"விச் டே?" என்றாள் ஹர்ஷிதா, அவர் சொன்னதைக் கேட்டு.

"போனை கேட்லயே மறந்துட்டு வந்தேனே, அன்னிக்கு."

அவருடைய சர்வீஸிலேயே ஒரே ஒரு தடவை அப்படி நடந்தது. மழை வருகிறதே என்று அவசரமாக ஸ்கூட்டரை எடுத்து, மெட்டுகுடா வரைக்கும் டோக்கனை பாக்கெட்டில் போட்டுக்கொண்டே வந்துவிட்டார். பத்மஜா வாசலில் நின்று பிடிபிடியென்று பிடித்தாள். அந்தக் களேபரத்திலும் குழந்தை டோக்கன் நம்பர் கேட்டது. அவர் சொன்னதும் நினைவிருந்தது.

"நூத்தி நாப்பத்தெட்டு!"

ஏழு எழுத்தையும் மூன்று எண்ணையும் விரலால் ஒவ்வொன்றாகக் குத்தினார்.

தவறு. இன்னும் ஒரு முறை.

அவர் தாளில் முடிவை எழுதப் போனார். பேனா எழுதவில்லை. பேனாவில் கோளாறு ஒன்றுமில்லை.

"நூத்தி நாப்பத்தேழு" என்றாள் ஹர்ஷிதா.

"என்னது?"

"அன்னிக்கு டோக்கன் நூத்தி நாப்பத்தேழு. நீ பொய் சொன்ன."

தமிழில் சொன்னாள். அவருக்கு அது உடனே உறைக்கவில்லை. பொய் என்ற சொல்தான் முதலில் உறைத்தது.

"உனக்கெப்படித் தெரியும்?"

"டிவி மேல வச்சிட்டு கால் அலம்பப் போன. நான் ஸ்டூல் போட்டுப் பாத்தேன். நம்பர் படிக்கத் தெரியாதா எனக்கு? ஃபர்ஸ்ட் கிளாஸ்!"

"ஏன் சொல்லலை?"

"பிஸ்கட் வேண்டாமா?" என்றாள். பிறகு அவரை ஒரு மாதிரி பார்த்தாள். "அப்புறம், சொல்லாம என்ன? உனக்கு மெசேஜ் போட்டேனே. நீயும் ஓகேன்னுட்ட."

அப்படி ஒரு மெசேஜ் அவருக்கு நினைவில் இல்லை. எல்லாவற்றையும் மனப்பாடமாகச் சொல்லக்கூடிய மனுஷனுக்கு அது மட்டும் எப்படித் தப்பியது? ஆனால் அதை இப்போது கேட்க நேரமில்லை. பாஸ்வேர்டில் தான் பொய் நம்பர் போட்டிருப்பேனா என்று யோசித்தார். போட்டிருக்க மாட்டேன். குழந்தையிடம் எதையும் சொல்லலாம், அரசு ஊழியன் ஒரு ரெஜிஸ்டரிடம் பொய் சொல்ல முடியாது.

"நீயே போடு" என்று போனை மகளிடம் நீட்டினார்.

போட்டாள். ஒரு வட்டம் சுற்றியது. பத்மஜா கத்தரிக்காயை விட்டுவிட்டு வந்து நின்றாள். வட்டம் பச்சைக் கோடாக மாறி, கோடு நீண்டது. பதினோராயிரத்துச் சொச்சம் மெசேஜ்கள் வரிசையில் வர ஆரம்பித்தன. குக்கர் மூன்று விசில் விட்டது; யாரும் போய் அணைக்கவில்லை.

ஹர்ஷிதா மேலே தள்ளிக்கொண்டே போனாள். ஒரு ஜூலை மாதத்துச் சாயங்காலத்தில் நிறுத்தினாள். பத்மஜாவிடமிருந்து அடுத்தடுத்து ஏழு வாய்ஸ் மெசேஜ்.

வெங்கட்ரமணன் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். கேட்டால் நிறம் மாறும் மைக் படம் ஏழிலும் மாறாமல் நின்றது. ஒன்றுகூடக் கேட்கப்படவில்லை.

அவருக்குப் புரிந்துவிட்டது. மறுநாள் சாயங்காலம் பெருமாளிடமிருந்து போனை வாங்கியபோது ஏழு மெசேஜ் இருந்ததைப் பார்த்தார். ஏழும் திட்டு என்று எடுத்துக்கொண்டார். நேரில் வாங்கியதை ரெக்கார்டிங்கிலும் வாங்குவானேன் என்று தாண்டிவிட்டார். இரண்டு பேரும் ஒரே போனிலிருந்து பேசுகிறவர்கள் என்பது அன்றைக்குத் தோன்றவில்லை.

முதல் மெசேஜை ஹர்ஷிதா தட்டினாள். 'எங்க இருக்கேள்? வரும்போது பீர்க்கங்காய் வாங்கிண்டு வாங்கோ.' இரண்டாவதில் பீர்க்கங்காய் கொஞ்சம் உரக்கக் கேட்டது. ஆறாவதில் பீர்க்கங்காயே இல்லை. அவருடைய குணம்தான் முழுக்க.

"இவ்வளவு நன்னாவா பேசியிருக்கேன்!" என்றாள் பத்மஜா.

ஏழாவது மெசேஜ் பதினோரு வினாடி. முதலில் மழைச் சத்தம். ஒரு என்ஜின் நீளமாகக் கூவி அடங்கியது. அப்புறம் வாயை போனில் ஒட்டவைத்துக்கொண்ட ஒரு ரகசியக் குரல்.

'அப்பா, டோக்கனப் பாத்துட்டேன். அம்மாட்ட சொல்ல மாட்டேன். நீ நாளைக்கும் ரெட்டைன்னே சொல்லு. சரியா?'

மறுநாள் அவர் ரெட்டை என்றுதான் சொன்னார். வழக்கமான பொய்யாகச் சொன்னார். அவள் அதைப் பதிலாக எடுத்துக்கொண்டாள். பத்து வருஷமாக இந்த வீட்டில் இரண்டு பேருக்கு நடுவில் ஒரு ஒப்பந்தம் இருந்திருக்கிறது; அதில் ஒருத்தருக்கு விஷயமே தெரியாது.



"நீ கேட்டேதானே அப்பா, அப்போ?" என்றாள் ஹர்ஷிதா. தமிழ் அவளிடம் இன்னும் போகாமல் இருந்தது.

"கேக்காம என்ன? மறுநாளே ரெட்டைன்னு சொன்னேனா இல்லையா?" என்றார் அவர், இப்போது நிறம் மாறிவிட்டதைக்கூடக் கவனிக்காமல் கட்டைவிரலால் மைக் இருந்த இடத்தை மறைத்தபடி.

அவள் அந்தக் கட்டைவிரலைப் பார்த்தாள். ஸ்டூல் மேல் ஏறி டிவி மேலே பார்த்தபோதும் இப்படித்தான் பார்த்திருப்பாள். எழுந்து போய் குக்கரை அணைத்துவிட்டு, சூட்கேஸ் இருந்த அறை வாசலில் போய்ச் சாய்ந்து நின்றாள்.

"அப்பா."

"என்னம்மா?"

"இன்னிக்கு டோக்கன் நம்பர் என்ன?"

ஞாயிற்றுக்கிழமை. ஆபீஸ் கிடையாது, கேட் கிடையாது. பெருமாள் ரிட்டயர் ஆகி மூன்று வருஷம் ஆகிறது.

"நூத்தி நாப்பத்தெட்டு" என்றார் வெங்கட்ரமணன், ஸ்கூட்டர் சாவியைத் தேடிக்கொண்டே. தாளில் பத்தாவது அயிட்டத்துக்கு டிக் போடக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

"மெட்டுகுடா வரைக்குமா போறேள்? இங்கேயே கிடைக்குமே!" என்றாள் பத்மஜா.

"அந்த பேக்கரிதான்."

அவர் லிஃப்டுக்குள் போய்விட்டார். பத்மஜா வாசலுக்கு வந்து, கதவு மூடுவதற்குள் குரல் கொடுத்தாள்.

"வரும்போது பீர்க்கங்காய்!"