மாப்பிள்ளை சுத்தம் செய்த வயல்

வெள்ளம் வடிந்ததும் மேட்டு வீட்டுக்காரி நகரத்துக்கு ஓடினாள். தங்கை வீட்டில் தங்கி, இரண்டு நாள் விவசாய அலுவலக வரிசையில் கால் கடுக்க நின்று, அவசர மண் பாதுகாப்பு மானியத்துக்கு விண்ணப்பம் கொடுத்தாள். உடைந்த ஆற்றங்கரையைக் கல் வைத்துக் கட்ட அந்தப் பணம் வந்தால்தான் உண்டு. வராவிட்டால் அடுத்த மழைக்கு வயலே ஆற்றோடு போய்விடும். செத்துப்போன புருஷன் விட்டுவிட்டுப் போனது அந்த ஒரு வயல்தான். "அதிகாரி வந்து பாக்கிற வரைக்கும் ஒரு குச்சியைக்கூட நகர்த்தக் கூடாது" என்று அங்கே படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினார்கள்.

திரும்பி வந்து பார்த்தால், வயல் பளிச்சென்று இருக்கிறது! சாய்ந்த மரங்களைக் காணோம், மணல் மேட்டைக் காணோம். உடைந்த கரையில் புது மண்ணைக் கொட்டி வழவழவென்று தட்டிவிட்டிருக்கிறது. நடுவில், கல்யாணமாகி நாலே மாதமான மாப்பிள்ளை, இரவல் டிராக்டர் மேல் உட்கார்ந்து பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்கு அத்தை? நீங்க வர்றதுக்குள்ள முடிச்சிடணும்னு தூங்கவே இல்ல!"

பெற்ற பிள்ளையாக இருந்தால் முதுகில் நாலு வைத்திருப்பாள். மாப்பிள்ளையை என்ன செய்வது? "ரொம்ப நல்லா இருக்கு மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டு, டிராக்டருக்குப் பின்னால் போய்த் தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலையிலேயே அதிகாரி வந்துவிட்டாள். சின்னப் பெண், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். வயலைச் சுற்றிப் பார்த்தாள், விண்ணப்பத்தைப் பார்த்தாள்.

"சேதம் எங்கம்மா?"

"நாலு நாளைக்கு முன்னாடி இருந்துச்சும்மா."

"போட்டோ?"

போட்டோவுக்கு எங்கே போவது! மாப்பிள்ளைக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. "மரத்தையெல்லாம் திரும்பக் கொண்டாந்து போட்டுடவா அத்தை?"

"நீங்க சும்மா இருந்தாலே போதும் மாப்பிள்ளை."

அதிகாரி பேனாவை மூடினாள். பாவம், அவளுக்கும் மனமில்லை. கண்ணால் காணாததை எப்படி எழுதுவாள்?

அந்த நேரம் பார்த்து அடுத்த வயலிலிருந்து கொழுந்தன் வந்து குதித்தான். வாய்க்கால் தகராறில் அண்ணியோடு மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. தும்மினால்கூட மனு எழுதுகிற ஆள்.

"மேடம், என் மனு என்னாச்சு? இவங்க கரை உடைஞ்சு, இவங்க மண்ணும் மரமும் என் வயல்ல வந்து கிடக்கு! வெள்ளம் வடிஞ்ச அன்னிக்கே போட்டோவோட குடுத்தேனே!"

அதிகாரி பையைத் துழாவி மனுவை எடுத்தாள். பன்னிரண்டு போட்டோ, ஒவ்வொன்றிலும் தேதி. உடைந்த கரை, மணலில் புதைந்த வேலி, வேரோடு சாய்ந்த மரம் என்று அண்ணியின் வயலில் இருந்த சேதம் ஒன்றுவிடாமல் அதில் இருந்தது.

"இது இவங்க வயல்தானா?"

"பின்னே? நாப்பது அடி உடைப்பு மேடம், நானே டேப் வச்சு அளந்தேன்! என் வயலையும் வந்து பாருங்க, ஒரு இலையைக்கூடத் தொடாம வச்சிருக்கேன்!"

அதிகாரி சிரித்தேவிட்டாள். "ஐயா, உங்க புண்ணியத்துல இவங்களுக்கு மானியம் கிடைச்சிடும். நீங்களும் மானியத்துக்கு எழுதிப் போடுங்க. ஒரே கரைதானே, சேர்த்தே கட்டிடலாம். ஆனா, இந்தச் சேதத்தைப் பார்த்தேன்னு நீங்க சாட்சிக் கையெழுத்துப் போடணும்."

கொழுந்தன் அண்ணியைப் பார்த்தான். அவள் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். அவள் இந்த வீட்டுக்கு வந்தபோது அவனுக்குப் பத்து வயது. பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டான்.

"என்ன உறவுன்னு எழுதணும்," என்றாள் அதிகாரி. "இவங்க உங்களுக்கு என்ன வேணும்?"

"அண்ணி," என்றான். "என் அண்ணி."

மேட்டு வீட்டுக்காரி அழுதாள், சிரித்தாள், கடைசியில் திட்டினாள்.

"மூணு வருஷமா இந்த வாய் எங்கடா போச்சு? வா, வீட்டுக்கு வந்து சாப்பிடு."