குடலில்லாத கதாநாயகிகள்

நான் படித்த மொழிபெயர்ப்பு நாவல்களில் பெண்கள் இருமித்தான் சாகிறார்கள். கைக்குட்டையில் ஒரு துளி ரத்தம், ஜன்னலுக்கு வெளியே பனி, கட்டிலருகே மனம் உடைந்த ஒருவன். ஒருத்திக்கும் பெருங்குடல் இருந்ததாக நினைவில்லை. அதனால்தானோ என்னவோ, என் அம்மா விஜயராணி, "வெளிக்குப் போகையில நாலு மாசமா ரத்தம் வருதுட்டி, சூடுதான்" என்று சொன்னபோது, இவ்வளவு படித்த நான் மோர் வாங்கப் போனேன்.

செம்பூரில் அம்மாவுக்குச் சர்க்கரை பார்க்கும் டாக்டரிடம் அதைப் பேச்சுவாக்கில் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்தினார்.

"வயசு அறுபத்தொண்ணு, சர்க்கரை பதினாலு வருஷமா. சர்க்கரை இருக்கறவங்களுக்குக் குடல் கேன்சர் வர வாய்ப்பு மத்தவங்களைவிடக் கொஞ்சம் கூட. வந்துடும்னு அர்த்தமில்லை. ஆனா ரத்தம் வந்தா, சூடுன்னு சும்மா இருக்கக் கூடாது. உள்ளே கேமரா விட்டுப் பாத்துடணும்."

அதற்குக் குடல் காலியாக வேண்டும். முந்தின சாயங்காலம் இரண்டு லிட்டர் மருந்துத் தண்ணீர் குடிக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு தடவை போகும். அன்றைக்குச் சர்க்கரை மாத்திரையை எப்படிப் போடுவது என்றும் எழுதித் தந்தார். எங்கே போவது என்று மட்டும் எழுதவில்லை. தாராவியில் எங்கள் சந்துக்குப் பொதுக் கக்கூஸ்தான். பெண்கள் பக்கம் ஆறு கதவு, அதில் இரண்டு உடைசல், எப்போதும் வரிசை.

"முலுண்டுல சித்தி வீட்டுக்குப் போயிருவமா?"

"அவ மருமக முன்னால பன்னெண்டு தடவையா? செத்தாலும் மாட்டேன்."

ஆகவே அம்மா உள்ளே போனதும் நான் வரிசையின் கடைசியில் போய் நின்றுகொள்வது என்று ஏற்பாடு. நான் முன்னால் வருவதற்கும் அவளுக்கு அடுத்த தடவை முட்டுவதற்கும் சரியாக இருக்கும்.

நாலு சுற்று ஒழுங்காக நடந்தது. ஐந்தாவதில் பையிலிருந்த நாவலை எடுத்தேன். ஒரே ஒரு பக்கம் என்றுதான். அதில் ஒரு மகள், சாகக் கிடக்கும் தாயைப் பார்க்கப் பனிப்புயலில் குதிரை வண்டி ஓட்டிக்கொண்டு போகிறாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது ஏழு பேர் என்னைத் தாண்டிப் போயிருந்தார்கள். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தாள்.

அவளால் அடக்க முடியவில்லை. வரிசையில் நின்றவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள்.

வீட்டில் சேலையை மாற்றிவிட்டு, மீதி ஒரு லிட்டரைச் சாக்கடையில் கொட்டப் போனாள். "டெஸ்டும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். கேன்சர் வந்தா வரட்டும்."

நான் முழங்காலிட்டு மன்னிப்புக் கேட்டேன். நாவல்களில் அப்படித்தான் கேட்பார்கள்.

"எந்திரிட்டி, தரை ஈரமா கெடக்கு."

அதற்குள் வரிசையில் நின்றிருந்த பக்கத்து வீட்டு சைனப் அக்கா உள்ளே வந்து அம்மா கையிலிருந்த பாட்டிலைப் பிடித்தாள்.

"விஜயாக்கா, கடைசிக் கதவு இன்னிக்கி ஒனக்கு மட்டுந்தான். எல்லாருட்டயும் சொல்லிட்டேன்."

"எல்லாருட்டயுமா சொன்ன?"

"பின்ன? சொல்லி முடிக்கல, அதுக்குள்ள ரெண்டு பொம்பளைக, எனக்கும் சர்க்கரைதான், எனக்கும் ரத்தம் போவுதுங்காளுவ. நீ போயிட்டு வந்தாத்தான் அவளுவளும் போவாளுவ."

அம்மா பாட்டிலைத் தன் பக்கம் இழுத்தாள். பிறகு மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள்.

மறுநாள் கேமராவில் ஒரு சதை வளர்ச்சி தெரிந்தது. அங்கேயே வெட்டி எடுத்தார்கள். பத்து நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது. புற்றுநோய் இல்லை, ஆனால் விட்டுவைத்திருந்தால் ஆகியிருக்கலாம் என்றார் டாக்டர். மூன்று வருஷம் கழித்து மறுபடி பார்க்க வேண்டுமாம்.

"மறுபடியும் அந்தத் தண்ணியா?" என்றாள் அம்மா, பஸ்ஸில்.

"ஆமா."

சயான் ஸ்டாப் தாண்டியதும் என் பக்கம் திரும்பினாள்.

"அப்ப சைனப்பை நிக்கச் சொல்லுதேன். நீ ஆபீஸுக்குப் போ."