திரையில் ஓடிய வரி

அக்காவுக்கு டயாலிசிஸ் செய்யும் மெஷின், உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் போர்டு கெட்டு, ஆஸ்பத்திரி மூலையில் துணி போர்த்தி நிற்கிறது. அந்தப் போர்டை இப்போது யாரும் செய்வதில்லை. புதுப் போர்டில் பழைய புரோகிராமை ஓட வைக்கும் வேலையை எங்கள் கம்பெனி எடுத்திருக்கிறது. அதுவரை அக்கா இரண்டு பஸ் மாறி அடுத்த ஊருக்குப் போகிறாள். திரும்பும்போது வழியெல்லாம் வாந்தி. "எப்போடி?" என்று தினமும் போன். "இதோ" என்பேன். "உன் இதோ நல்லா இழுவுது" என்பாள்.

புரோகிராமை எழுதிய நிறுவனம் எப்போதோ கடையைக் கட்டிவிட்டது. அதில் கைவைக்க வழியில்லை. அதில் ஒரு பழைய கட்டளை உண்டு. நினைவகத்தின் ஓர் இடத்தில் இருப்பதை எடுத்து, அதே மூச்சில் தன்னுடையதை வைத்துவிடும். நடுவில் யாரும் கைநுழைக்க முடியாது. பம்பைப் பார்க்கும் பகுதியும் அலாரத்தைப் பார்க்கும் பகுதியும் முட்டிக்கொள்ளாமல் இருப்பது அதனால்தான். புதுப் போர்டை ஓட்டும் சிப்பான செயலிக்கு அந்தக் கட்டளை தெரியாது; கண்டதும் கையை விரித்துவிடும். அப்போது எல்லாப் புரோகிராமுக்கும் அடியில் ஓடும் கெர்னல் புகுந்து அதே வேலையைப் புதுமுறையில் முடித்துத் தரவேண்டும்: படி, பிறகு எழுது. இடையில் வேறு யாராவது தொட்டிருந்தால் அந்த எழுத்து செல்லாது, மறுபடி முயல வேண்டும்.

அதை எழுதியது நான். கேட்கப்படும் இடம் அந்தப் புரோகிராமுக்குச் சொந்தமானதுதானா என்றுகூடச் சரிபார்த்தேன். ஒவ்வொரு முறையும் "பழைய கட்டளை வந்தது" என்று திரையில் ஒரு வரி ஓடும். வாரம் முழுக்கச் சோதித்தும் ஒரு குறையில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. "திங்கட்கிழமை வந்துடும்" என்று அக்காவிடம் சொல்லியும் விட்டேன்.

அனுப்பும் முன், திரையை அடைக்கிறதே என்று அந்த வரியை நீக்கினேன். சோதனைக்காரியை நாங்கள் கொசு என்போம். காதை விட்டுப் போகமாட்டாள். அவள் வந்து நின்றாள்.

"கோவிச்சுக்காதே. பம்ப் நின்னுடுச்சு. அலாரமும் வாயத் திறக்கல. நிறுத்துற பட்டனை அமுக்கினா, கண்டுக்கவே மாட்டேங்குது."

கோபித்துக்கொண்டேன். பிறகு போய்ப் பார்த்தேன். அந்த வரியை எழுத இரண்டு பகுதிகளும் வரிசையில் நின்றிருக்கின்றன. அதனால் மோதவே இல்லை. வரி போனதும் மோதின. மோதினால் மறுபடி படிப்பதிலிருந்து தொடங்க வேண்டும். என் புரோகிராமோ எழுதும் இடத்துக்கு மட்டும் திரும்பியது. புதிதாகப் படிக்காமல் எழுதச் செயலி விடாது. அது செக்குமாடாகச் சுற்றியது. வெளியிலிருந்து "நிறுத்து" என்று யாராவது கூப்பிடுகிறார்களா என்று பார்க்கவும் நான் எழுதியிருக்கவில்லை.

திருத்தம் நாலு வரிதான். ஆனால் கெர்னலைத் தொட்டால் சோதனை முழுவதையும் முதலிலிருந்து ஓட்டவேண்டும் என்பது ஆஸ்பத்திரி விதி.

மேலாளர் சாவகாசமாகச் சொன்னார்: "அந்த வரியோடதானேம்மா சோதிச்சு பாஸ் ஆச்சு? திரும்பப் போட்டு அனுப்பிடு. அவசரம் உங்க அக்காவுக்குத்தானே?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏனென்றால் அந்த ஒரு நிமிடம் நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

படிக்கட்டில் நின்று போன் செய்தேன். திங்கட்கிழமை இல்லை என்றேன். அக்கா பக்கம் பஸ் இரைச்சல். அந்த வரியின் கதையைச் சொன்னேன். திருத்தாமல், வரியை மட்டும் திரும்பப் போட்டு அனுப்பினால் நாளைக்கே வரும், பெரும்பாலும் ஓடும் என்றும் சொன்னேன்.

"நடுவுல நின்னா, என் ரத்தம் எங்கடி இருக்கும்?"

"குழாய்ல."

"அப்ப நான் பஸ்லயே போறேன்" என்றாள். "ஜன்னல் சீட்டு கிடைச்சிருக்கு. நீ போய் வேலயப் பாரு."