ஹெம்ஸ்கேர் கோமகன் உட்கார்ந்த கதை

ஹெம்ஸ்கேர் தீவில் எழுபது ஆண்டுகள் யாராலும் உட்கார முடியவில்லை. அரசர் தம் இரண்டாவது மகனுக்குத் தொட்டிலிலேயே ‘ஹெம்ஸ்கேர் கோமகன்’ என்று பட்டம் கொடுத்த காலையில் இது தொடங்கியது. அரச குடும்பத்தார் உட்காரும்வரை மற்றவர்கள் நிற்க வேண்டும் என்பது முறை. தலைநகரில் அதை மனிதர்கள் கடைப்பிடித்தார்கள், எங்கள் ஊரில் முழங்கால்களே கடைப்பிடித்தன. கோமகன் தீவுக்கு வந்து உட்காரவில்லை, நாங்களும் உட்காரவில்லை. படுக்கலாம், அதற்குத் தடையில்லை. நின்றபடி துடுப்புப் போட்டோம், நின்றபடி வலை பின்னினோம், தேவாலயத்திலும் நின்றோம். பாதிரியார் பிரசங்கத்தைச் சுருக்கிக்கொண்டார், அதுவரை லாபம்.

முதல் கோமகன் போரில் இறந்தார். இரண்டாமவருக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லையாம். ஒருவர் இறந்து அடுத்த குழந்தைக்குப் பட்டம் போகும் இடைவெளியில் மட்டும் எங்கள் முழங்கால் மடங்கும். ஆகவே துக்கச் செய்தி வந்தால் மணியடித்துவிட்டு நாற்காலிக்கு அடித்துக்கொள்வோம். வெட்கக்கேடுதான், என்ன செய்வது!

மூன்றாமவர் வால்டெமார். அவர் காலத்தில் மீனவன் ஸ்டூரேயின் மனைவி குன்வோருக்குக் குழந்தை பிறந்தது. படுத்துப் பால் கொடுத்தால் குழந்தைக்குப் புரையேறியது. நின்று கொடுத்தால் குன்வோரின் வீங்கிய கால்கள் தாங்கவில்லை. குழந்தை நாளுக்கு நாள் இளைத்தது. ஸ்டூரே நின்றபடியே தலைநகருக்குத் துடுப்புப் போட்டுப் போனான். அரண்மனை வாசலில் காவலர்கள் உட்காரச் சொன்னார்கள்.

“உங்க கோமகன் எங்க ஊர்ல வந்து உக்காந்தாத்தான் எனக்குக் கால் மடங்கும். அவருக்கு அவ்வளவு பெரிய வேல என்னய்யா?” என்று கத்தினான்.

அது மாடிவரை கேட்டது. மறுவாரம் கோமகன் கப்பலில் வந்திறங்கினார். நரைத்த, நல்ல வளர்ப்புள்ள மனிதர். வினை அங்கேதான் வந்தது. ஸ்டூரே வீட்டுக்குக் கூட்டிப்போய் நாற்காலியைக் காட்டினோம், குழந்தையோடு நின்ற குன்வோரைப் பார்த்துவிட்டு அவர் உட்காரவில்லை.

“கைக்குழந்தையோட ஒரு பொண்ணு நிக்கும்போது நான் எப்படி உக்கார்றது? நீ மொதல்ல உக்காரும்மா.”

“நீங்க உக்காந்தாத்தானே நான் உக்கார முடியும்!”

“சேச்சே, மரியாத இல்லயே.”

இப்படியே காபி ஆறும்வரை போனது. குழந்தைக்கு அழவும் தெம்பில்லை. குன்வோருக்குப் பொறுக்கவில்லை.

“ஒங்க மரியாதையில இடி விழ!” என்று அவர் நெஞ்சில் கைவைத்து ஒரே தள்ளாகத் தள்ளினாள்.

கோமகன் பொத்தென்று நாற்காலியில் விழுந்தார். தீவு முழுக்க முழங்கால்கள் மடங்கின. குன்வோர் பெஞ்சில் சரிந்து குழந்தையை மடியில் போட்டுக்கொண்டாள். அது குடிக்கிற சத்தம் அறை முழுக்கக் கேட்டது. ஸ்டூரே முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

சாயங்காலம் கப்பல் ஊதியது. கோமகன் எழுந்தார். ஊரே எழுந்தது, குன்வோரும் எழுந்தாள், குழந்தை வீறிட்டது. அவர் கப்பலைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், மறுபடி உட்கார்ந்தார்.

“குடிக்கட்டும். அப்புறம் போய்க்கலாம்” என்றார்.

இப்போதும் ஸ்டூரே வீட்டுச் சன்னலோரம்தான் இருக்கிறார். காபிக்குச் சர்க்கரை அதிகம் கேட்கிறார். அரண்மனையிலிருந்து கூப்பிட ஆள் வரும்போதெல்லாம், தீவில் ஏதாவது ஒரு குழந்தை பால் குடித்துக்கொண்டிருக்கிறது.