பத்து மணி அம்மா

சரக்கு அனுப்பும் டெஸ்பாட்ச் பிரிவு அக்காவின் அம்மா இறந்து ஒரு வாரம் கழித்து, வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, எங்கள் குழாய்க் கம்பெனி ஆபீசுக்கு வந்து மேனேஜருக்கு எதிரே உட்கார்ந்தார். வெளிர்நீலச் சேலை, கையில் பர்ஸ், காலில் செருப்பில்லை. யாரைப் பார்க்கணும் என்று வரவேற்பில் கேட்டதற்கு, "இன்னிக்கு வரச் சொல்லிருந்தாங்க" என்று சொல்லிவிட்டு நேராக உள்ளே போனார். வரச் சொல்லியிருந்தது உண்மைதான். சொன்னது மேனேஜர்.

ஆபீஸ் மெயிலில் எல்லோருக்கும் வேலைக்கென்று ஒரு காலண்டர் உண்டு. சொந்தக் காரியங்களுக்கு இரண்டாவதாக ஒன்று திறந்துகொள்ளலாம். அதை யாருக்குக் காட்டுவது, எவ்வளவு காட்டுவது என்பது அவரவர் இஷ்டம். மேனேஜருக்கு அந்த இஷ்டம் பிடிக்கவில்லை. "நாமெல்லாம் ஒரே குடும்பம், குடும்பத்துக்குள்ள என்ன ஒளிவுமறைவு?" என்று கூட்டம் போட்டு, எல்லோரும் இரண்டாவது காலண்டரையும் அவரோடு பகிர வேண்டும் என்று உத்தரவு போட்டார். சம்பளம் கொடுக்கிறவன் குடும்பம் என்று பேச ஆரம்பித்தால் அன்றைக்கே உஷாராகியிருக்க வேண்டும். எங்களுக்கு எங்கே அந்தப் புத்தி? நாங்கள் 'பார்க்க மட்டும்' என்ற கட்டத்தில் டிக் அடித்தோம். அக்கா அந்த நேரம் ஒரு லாரி டிரைவரோடு போனில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அதற்குக் கீழே இருந்த 'மாற்றவும் செய்யலாம்' என்பதில் அடித்துவிட்டார்.

அக்காவின் காலண்டரில் பெரிதாக ஒன்றும் இருக்காது. பல் டாக்டர், மகளின் பள்ளிக்கூடக் கூட்டம், அவ்வளவுதான். ஒரு வியாழக்கிழமையில் மட்டும் பத்து மணிக்கு நேரே 'அம்மா' என்று போட்டிருந்தார். அம்மா வெளியூரில் மூத்த மகள் வீட்டில் படுக்கையில் கிடந்தார். டாக்டர் கைவிரித்துவிட்டார். பேச்சு மட்டும் இருந்தது, அதுவும் ஒரே பேச்சு: சின்னவள் எப்போது வருவாள்? லீவு எழுதிக் கொடுத்தாயிற்று, பஸ்ஸுக்குச் சீட்டும் எடுத்தாயிற்று. புதன்கிழமை சாயங்காலம், மறுநாள் குடோனில் இருப்புச் சரிபார்க்க மேலிடத்து ஆட்கள் வருகிறார்கள் என்று தகவல் வந்தது. மேனேஜர் அக்காவின் காலண்டரைத் திறந்தார், 'அம்மா'வை மவுஸால் பிடித்தார், நாற்காலியை நகர்த்துவதுபோல அடுத்த வியாழக்கிழமைக்கு இழுத்துவிட்டார்.

"சார், அம்மா ரொம்ப சீரியஸா இருக்காங்க சார்" என்று அக்கா போய் நின்றார்.

"ஒரு வாரந்தானேம்மா. அதுக்குள்ள அம்மா எங்க ஓடிப்போயிடப் போறாங்க?"

அக்காவின் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது. பஸ் சீட்டை ரத்து செய்தார். மறுநாள் மத்தியானம் குடோனில் குழாய் எண்ணிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

காலண்டரில் இருந்தபடி அடுத்த வியாழன் அம்மாள் வந்துவிட்டார். "எம் பொண்ணு வந்துட்டாளா தம்பி?" என்பதுதான் முதல் கேள்வி. மேனேஜர் ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு அக்காவைக் கூப்பிட ஆளனுப்பினார். அக்கா ஓடி வந்தார். கண்ணாடிக் கதவுக்கு வெளியிலிருந்து அம்மாவின் முதுகையும் கொண்டையையும் பார்த்தார். கைப்பிடியில் கை வைத்துவிட்டார். அப்போது எதிரே மேனேஜரின் வேர்த்துக் கொட்டும் முகம் தெரிந்தது. கையை எடுத்துக்கொண்டு தன் சீட்டுக்கே திரும்பினார். அந்த 'அம்மா'வைத் தினமும் வரும்படி மாற்றி, முடிவுத் தேதி இல்லை என்று போட்டு, மேனேஜருக்கு இருந்த அனுமதியை 'பார்க்க மட்டும்' ஆக்கினார்.

"என்னக்கா, உள்ள போகலையா?" என்றோம்.

"நான் போனா பாத்துட்டு நிம்மதியா கெளம்பிடுவாங்க. அப்புறம் இந்தாளு யாருக்குப் பதில் சொல்லுவான்? சொல்லட்டும். தெனம் சொல்லட்டும்."

மேனேஜர் தினம் சொன்னார். வந்துடுவாங்கம்மா, வழியில இருக்காங்கம்மா. லீவு போட்டால் அம்மாள் அவர் வீட்டுக்குப் போனார். விமானத்தில் பறந்தால் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கேட்டார். கணினிப் பிரிவுக்காரர் பார்த்துவிட்டு, காலண்டருக்குச் சொந்தக்காரர்தான் நீக்க முடியும் என்று உதட்டைப் பிதுக்கினார். மேனேஜர் அக்காவிடம் வந்து கையெடுத்துக் கும்பிட்டார். எத்தனை நாள் வேண்டுமானாலும் லீவு தருகிறேன் என்றார். "லீவு எதுக்கு சார்? நான் யாரைப் போய்ப் பாக்கணும்?" என்று அக்கா கேட்டார். எங்களுக்கு நெஞ்சு குளிர்ந்தது. அப்படியே வருஷங்கள் போயின. அக்காவின் மகளுக்குக் கல்யாணமாயிற்று, மேனேஜருக்கு இரண்டு பதவி உயர்வு வந்தது, அக்காவின் தலை முழுக்க நரைத்தது. அம்மாள் மட்டும் அதே சேலையில் வந்தார். தினம் பத்து மணிக்கு அக்கா ஏதாவது ஒரு காகிதத்தைத் தூக்கிக்கொண்டு அந்தக் கண்ணாடியைத் தாண்டிப் போவார். முதுகைப் பார்ப்பதோடு சரி.

ஒரு காலையில் அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். மேனேஜர் ஏதோ சொல்லியிருக்கிறார். அந்தச் சிரிப்பு டெஸ்பாட்ச் வரைக்கும் கேட்டது. அக்காவுக்குப் பொறுக்கவில்லை, எழுந்து போய்க் கதவைத் தள்ளினார்.

"அம்மா. நான்தாம்மா. சின்னவ."

அம்மாள் திரும்பி மேலும் கீழும் பார்த்தார். "எம் பொண்ணுக்கு ஒரு முடிகூட நரைக்கலையேம்மா" என்றார். பிறகு இத்தனை வருஷமாகப் பதில் சொல்லிப் பழகிய மனுஷனிடமே கேட்டார். "இவங்க சொல்றது நெசமா தம்பி?"

மேனேஜர் அக்காவைப் பார்த்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அம்மாள் எழுந்து போயிருப்பார், அவருக்கும் விடுதலை. அது அவருக்குத் தெரியும். எங்களுக்கும் தெரியும், கண்ணாடிக்கு வெளியே கூடி நின்றோம்.

"இல்லம்மா. இவங்க டெஸ்பாட்ச்ல வேலை பாக்கறவங்க" என்றார்.

அக்கா அழவில்லை. சீட்டுக்கு வந்து காலண்டரைத் திறந்து, அதே பத்து மணியில் தன் பெயரையும் சேர்த்துக்கொண்டார். முடிவுத் தேதியைத் தொடவில்லை. மறுநாளிலிருந்து மூன்று பேரும் அந்த அறையில் உட்காருகிறார்கள். பொண்ணு வந்துட்டாளா என்று அம்மாள் கேட்கிறார், மேனேஜர் இல்லை என்கிறார். உள்ளே மூன்று டீ போகிறது.